சிப்பில் யார் பெயர்?

கேள்வி:



நான் அமெரிக்காவில், நியூ ஜெர்சி எடிசனில் வசிக்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் எட்டு நண்பர்கள் கூடி டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் ஆடுவோம். தலைக்கு 20 டாலர். பிளைண்ட் என்கிற கட்டாயப் பந்தயம் கால் டாலர், அரை டாலர். ஜெயிப்பதும் தோற்பதும் ஒரு ஓட்டல் பில்லுக்குள் அடங்கிவிடும்.

போன வருஷம் என் நாற்பதாவது பிறந்தநாளுக்கு மனைவி ஒரு சிப் செட் வாங்கித் தந்தாள். அலுமினியப் பெட்டி, உள்ளே 500 கனமான சிப். 1, 5, 25, 100, 500 என்று வகைக்கு நூறு. எல்லாவற்றிலும் லாஸ் வேகாஸின் புகழ்பெற்ற ஒரு கேசினோவின் பெயர். எங்கள் ஆட்டம் சின்னது என்பதால் 25 சிப்பைக் கால் டாலர், 100 சிப்பை ஒரு டாலர், 500 சிப்பை ஐந்து டாலர் என்று கணக்கு வைத்து ஆடுகிறோம்.

சென்ற மாதம் என் மைத்துனர் தன் ஆபீஸ் நண்பர் ஒருவரை அழைத்து வந்தார். அட்லாண்டிக் சிட்டி கேசினோக்களுக்கு அடிக்கடி போகிறவர். உட்கார்ந்ததும் ஒரு சிப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். "ஓ, அந்தக் கேசினோவா!" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அன்று ராத்திரி முழுக்க எனக்கு ஆட்டத்தில் மனசே ஒட்டவில்லை.

கேசினோ பெயர் போட்ட போலி சிப்பை வைத்து ஆடுவது ஆட்டக்காரர்கள் நடுவே அவ்வளவு இளக்காரமா? புது செட் வாங்கிவிடட்டுமா? வாங்கினால் மனைவி என்ன நினைப்பாளோ என்றும் தயக்கமாக இருக்கிறது.

— எடிசன் வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

இளக்காரம் இருக்கத்தான் செய்கிறது. அவர் சிரித்ததை நீங்கள் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. ஆனால் அது விலையைப் பார்த்து வருகிற இளக்காரம் இல்லை. மருந்துக்கடையில் வாங்கிய மெல்லிய பிளாஸ்டிக் சிப், பெயரும் கிடையாது எண்ணும் கிடையாது, சிவப்பு நீலம் வெள்ளை என்று மூன்று நிறம் மட்டும். அதை வைத்து நடக்கும் ஆட்டத்தில் பழுத்த ஆட்டக்காரர்கள் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். அதே ஆட்கள், பளபளக்கிற கேசினோ பெயருள்ள செட்டைக் கண்டால் உதட்டைச் சுழிக்கிறார்கள். விலை அதிகமான பொருளுக்கு மரியாதை குறைவு. இது ஏன் என்று பதினோரு வருஷம் டீலராக மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த காலத்தில் யோசித்ததுண்டு.

சிப் என்பது என்ன? காசு இல்லை. பொம்மையும் இல்லை. அது ஒரு கடன் சீட்டு. நெவாடா மாநிலத்தின் சூதாட்ட விதிகள் இதை மிகத் தெளிவாகச் சொல்கின்றன: சிப்பை வைத்திருப்பவருக்குக் கேசினோ பட்டிருக்கும் கடனுக்கு அது சான்று, அவ்வளவுதான். உங்கள் சட்டைப்பையில் இருந்தாலும் அந்த வட்டம் கேசினோவின் உடைமை. உங்களுக்குச் சொந்தமானது அது குறிக்கும் கடன்.

அப்படியென்றால் சிப்பின் நடுவில் இருக்கும் பெயர் அலங்காரம் இல்லை. பத்திரத்தின் அடியில் போடும் கையெழுத்து. "இந்த வட்டத்தைக் கொண்டுவா, இதில் போட்டிருக்கும் பணத்தை நான் தருகிறேன்" என்று சொல்கிறவரின் பெயர் அது. உங்கள் பேஸ்மென்ட்டில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு சிப்பை வாங்கிக்கொண்டு பணம் எண்ணிக் கொடுப்பவர் நீங்கள். சிப்பில் இருப்பதோ உங்களை அறியாத ஒரு நிறுவனத்தின் கையெழுத்து. வந்தவர் இதையெல்லாம் வார்த்தையாக யோசித்துச் சிரித்திருக்க மாட்டார். ஆனால் கேசினோவில் பழகிய கைக்கு இந்தப் பொருத்தமின்மை சட்டென்று தட்டுப்படும்.

கையெழுத்துப் போட்டவர் "தர மாட்டேன்" என்றால் சிப் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. 2010 டிசம்பரில் லாஸ் வேகாஸ் பெல்லாஜியோ கேசினோவுக்குள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் நுழைந்தான். துப்பாக்கியைக் காட்டி ஏறக்குறைய 15 லட்சம் டாலர் மதிப்புள்ள சிப்புகளை அள்ளிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்துவிட்டான். அள்ளியதில் 25,000 டாலர் சிப்புகளும் இருந்தன. கேசினோ அந்த 25,000 டாலர் வரிசையையே செல்லாது என்று அறிவித்து, வைத்திருப்பவர்கள் 2011 ஏப்ரல் 22-க்குள் வந்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கெடு வைத்தது. திருடன் அவற்றை விற்க ஆள் தேடினான். வாங்க வந்தவர் மாறுவேடத்தில் இருந்த போலீஸ்காரர். சிப் அசல், அச்சு அசல், எடை அசல். ஆனாலும் பெயருக்குரியவர் கைவிட்டதும் அது வெறும் வட்டம்.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். கேசினோ பெயர் போட்ட சிப்பை வீட்டு மேஜையில் வைத்து, எல்லோருடைய மரியாதையையும் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வைத்திருப்பது மூடப்பட்ட கேசினோக்களின் அசல் சிப்புகள். லாஸ் வேகாஸில் ஸ்டார்டஸ்ட் 2006-இல் மூடியது, ரிவியேரா 2015-இல் மூடியது. அப்படி மூடிய இடங்களின் சிப்புகளில் சில எப்படியோ வெளியே தங்கிவிடுகின்றன. அவற்றைச் சேர்ப்பதற்கென்றே 1988 முதல் அமெரிக்காவில் ஒரு சங்கம் இயங்குகிறது. அந்தச் சிப்பில் கையெழுத்துப் போட்டவர் இன்று இல்லை. அந்தப் பெயர் இனி யாரையும் ஏமாற்ற முடியாது, யாரிடமும் பணம் கேட்க முடியாது. ஒரு காலத்தில் அது உண்மையாகக் கடனைச் சுமந்த சீட்டு என்ற நினைவு மட்டும் அதில் மிஞ்சுகிறது. அதை விரலுக்குள் உருட்டுகிற சுகத்துக்காகச் சிலர் வருஷக்கணக்கில் தேடி ஒரு செட் சேர்க்கிறார்கள்.

கற்பனைக் கேசினோ பெயர்களுக்கும் இளக்காரம் கிடையாது. 1989-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ‘லைசென்ஸ் டு கில்’லில் இஸ்த்மஸ் சிட்டி என்ற இல்லாத ஊரில் ஒரு கேசினோ வரும். அந்தக் கேசினோவின் பெயரில் வீட்டு ஆட்டத்துக்கென்றே சிப்புகள் வந்தன; விவரம் தெரிந்தவர்களும் ஆசையாக வாங்கினார்கள். யாருடைய கையெழுத்தையும் அது திருடவில்லை. பீர் கம்பெனி, கார் கம்பெனி, போக்கர் போட்டி இவற்றின் பெயரை முறைப்படி அனுமதி வாங்கி அச்சிட்ட சிப்புகளையும் நினைவுப் பொருளாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். சிரிப்பு எழுவது ஒரே இடத்தில்: இன்றும் கதவு திறந்து நடக்கிற ஒரு கேசினோவின் பெயரை, அது வெளியிடாத சிப்பில் காணும்போது.

அவர் சிப்பை எடை பார்த்ததையும் தட்டிப் பார்த்ததையும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் எனக்கு ஆள் எப்படிப்பட்டவர் என்று விளங்கிவிட்டது. அப்படித் தட்டிப் பார்ப்பது கேலியில்லை, பழக்கம். அட்லாண்டிக் சிட்டி மேஜைகளில் நாள்கணக்கில் உட்கார்ந்தவர்கள் எந்தச் சிப்பைக் கண்டாலும் அப்படித்தான் செய்வார்கள்.

அமெரிக்கக் கேசினோக்களில் பரவலாகப் புழங்குவது களிமண் சிப். களிமண் என்றதும் நாம் பாண்டியாட்டத்தில் எறிந்த ஓட்டுச் சில்லு ஞாபகம் வரும். இது சுட்ட மண் இல்லை. களிமண் உள்பட பல பொருள்கள் சேர்ந்த ஒரு கலவை. சூடும் அழுத்தமும் கொடுத்து அச்சில் பிழிகிறார்கள். விளிம்பில் வேறு நிறத்தில் தெரிகிற பட்டைகள் மேலே பூசிய சாயம் இல்லை. அழுத்துவதற்கு முன்பே வேற்று நிறக் கலவைத் துண்டுகளை வெட்டிப் பதிக்கிறார்கள். நடுவில் இருக்கும் பெயர்த்தாளும் அதே அழுத்தத்தில் உடம்போடு ஒட்டிப்போகிறது. இந்த வேலையில் பெயர் பெற்றது பால்சன். பால் எண்டி என்பவர் 1963-இல் லாஸ் வேகாஸில் தொடங்கிய நிறுவனம். 2002-இல் பிரான்சின் பூர்கோன் எ கிராசே, லாஸ் வேகாஸின் பட் ஜோன்ஸ் இரண்டோடும் ஒன்றாகி, பிறகு கேமிங் பார்ட்னர்ஸ் இன்டர்நேஷனல் ஆனது. 2019-இல் ஜப்பானின் ஏஞ்சல் நிறுவனம் அதை வாங்கியது. பால்சன் சிப்பின் ஓரத்தைத் தடவினால் உயரத் தொப்பியும் கைத்தடியும் வரிசையாக அச்சில் எழுந்திருப்பது விரலுக்குத் தெரியும். கேசினோவுக்கென்று செய்யும் அந்தச் சிப்பைத் தனி ஆளுக்கு விற்பதில்லை.

களிமண் சிப்பின் எடை எட்டரையிலிருந்து பத்து கிராம்தான். இதைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். உங்கள் பெட்டியின் மேல் பதினாலு கிராம், பதிமூன்றரை கிராம் என்று ஏதாவது பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். கனம் கூடினால் அசல் என்ற எண்ணத்தைக் கடைக்காரர்கள் நன்றாகவே விதைத்திருக்கிறார்கள். அந்தக் கனம் வருவது பிளாஸ்டிக்குக்கு உள்ளே மறைத்த ஓர் உலோகத் தகட்டால். அதனால்தான் தட்டினால் ‘கிளிங்’ என்று காசு விழுந்த சத்தம் வருகிறது. களிமண் சிப் ‘டொக்’ என்று மந்தமாக விழும். உலோகம் இருந்தாலே போலி என்றும் சொல்லிவிட முடியாது. பட் ஜோன்ஸ் செய்த சிப்புகளில் உலோகம் உண்டு, கேசினோக்களே அவற்றை வாங்கிப் பயன்படுத்தின. ஆனால் லாஸ் வேகாஸின் இன்ன கேசினோ என்று பெயர் போட்டு, அந்தக் கேசினோவின் எடையும் ஓசையும் இல்லையென்றால், பெயர் சொல்வதைக் கையும் காதும் மறுத்துவிடுகின்றன. பெயரில்லாத சிப் எதையும் சொல்லவில்லை, அதனால் அதை மறுக்கவும் ஒன்றுமில்லை.

கையாள்வதிலும் வித்தியாசம் உண்டு. மழமழப்பான பிளாஸ்டிக், இருபது சிப் அடுக்கினால் லேசான தள்ளலுக்கே சரியும். ஆட்டக்காரர்கள் யோசிக்கும்போது இரண்டு அடுக்கை ஒற்றைக் கையால் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோப்பார்களே, அது களிமண்ணில் வழுக்காமல் வரும். நடுவில் ஒட்டிய ஸ்டிக்கர் இரண்டு வருஷத்தில் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

இந்தச் செட்டுகள் எங்கிருந்து இத்தனை வந்தன என்றும் சொல்லிவிடுகிறேன். 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற டென்னசி கணக்காளர், இணையத்தில் 86 டாலர் கட்டித் தகுதிச் சுற்றில் ஜெயித்து, 839 பேர் ஆடிய போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். அதே ஆண்டில்தான் தொலைக்காட்சியில் வேர்ல்டு போக்கர் டூர் ஒளிபரப்பும் தொடங்கியது. அமெரிக்காவின் பேஸ்மென்ட்டுகளில் எல்லாம் மேஜை போட்டார்கள். அந்தப் பசிக்கு அலுமினியப் பெட்டிகள் கொள்கலன் கொள்கலனாக வந்து இறங்கின. வாங்கியவர்களுக்குக் கொஞ்சம் லாஸ் வேகாஸ் வீட்டுக்கு வர வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையில் தப்பு ஒன்றுமில்லை. உங்கள் மனைவி தேடி வாங்கியதும் அதே அன்பில்தான்.

பெயரைவிட எனக்கு அதிகம் உறுத்தியது உங்கள் கடிதத்தில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன இன்னொன்று. 100 என்று போட்டதை ஒரு டாலர் என்கிறீர்கள், 500-ஐ ஐந்து என்கிறீர்கள். பழகிய எட்டுப் பேருக்கு இது கணக்கே இல்லை. புதிதாக வந்தவருக்கு? கேசினோவில் கறுப்பு என்றால் நூறு டாலர், பச்சை என்றால் இருபத்தைந்து, சிவப்பு ஐந்து என்று நிறத்தைப் பார்த்தே மதிப்பிடப் பழகியவர் அவர். உங்கள் மேஜையில் ஒவ்வொரு பந்தயத்தையும் மனசுக்குள் நூறால் வகுத்துக்கொண்டே ஆட வேண்டும். "நாற்பது" என்று ஒருவர் சொன்னால் நாற்பது டாலரா, நாற்பது சென்ட்டா? இதில் வரும் சண்டை சிப்பின் தரத்தால் வரும் சிரிப்பைவிட மோசமானது. ஒரு வீட்டு ஆட்டத்தில் ஒருவர் "ஐந்து" என்று சொல்லி ஐந்து சிப்பை முன்னால் தள்ள, எதிரில் இருந்தவர் அதை ஐந்து டாலர் என்று நினைத்துத் தன் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். இருவரும் நல்லவர்கள், இருபது வருஷ நண்பர்கள். அதன் பிறகு ஒரே மேஜையில் அவர்களை நான் பார்க்கவில்லை. கடன் சீட்டில் பெயரும் பொய், தொகையும் பொய் என்றால் அதை எதற்குச் சீட்டு என்று கையில் வைத்துக்கொள்வது?

பாதுகாப்பு இன்னொரு விஷயம். கடையில் யாரும் வாங்கக்கூடிய செட் என்றால், உங்கள் சிப்பைப் போலவே பத்து சிப் இன்னொருவர் பையில் வர முடியும். உங்கள் நண்பர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் வெளியாள் வரத் தொடங்கிவிட்ட ஆட்டத்தில் வீட்டுக்காரர் எண்ணுவதுதான் எல்லோருக்கும் பாதுகாப்பு. உங்கள் மாநிலத்திலேயே நடந்தது இது: 2014 ஜனவரியில் அட்லாண்டிக் சிட்டி போர்காட்டா கேசினோவில் 560 டாலர் கட்டணத்தில் 4,814 பதிவுகளோடு ஒரு பெரிய போட்டி நடந்துகொண்டிருந்தது. 27 பேர் மிச்சம் இருக்கும்போது நிறுத்தினார்கள், பிறகு ரத்தே செய்தார்கள். ஒருவர் சீனாவிலிருந்து வரவழைத்த போலி சிப்புகளை ஆட்டத்துக்குள் விட்டிருந்தார். மாட்டிக்கொள்வோம் என்று பயந்து மீதியை வேறொரு ஓட்டல் அறையின் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட, குழாய் அடைத்துக்கொண்டு விஷயம் வெளியே வந்தது. அவருக்கு ஐந்தாண்டுச் சிறை. நாள்கணக்கில் நேர்மையாக ஆடி அந்த 27-க்குள் வந்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கனக்கிறது. ஆட்டத்தில் ஊறியவர்கள் போலிப் பெயரைக் கண்டால் கொஞ்சம் முகம் சுளிப்பதில் இந்தப் பயத்துக்கும் பங்குண்டு. உங்கள் செட்டிலிருந்து ஒரு சிப்பைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு கேசினோ பக்கம் போய்விடாதீர்கள். விளையாட்டுக்குக்கூட வேண்டாம். விளக்கம் சொல்லி வெளியே வருவதற்குள் நாள் போய்விடும்.

சரி, புது செட் வாங்கலாமா என்றால், வாங்குங்கள். ஆனால் அவர் சிரித்ததற்காக வேண்டாம், கணக்குக்காக வாங்குங்கள். எண்ணிக்கையில் 500 தேவையே இல்லை, 300 தாராளம். தலைக்கு கால் டாலர் சிப் பன்னிரண்டு, ஒரு டாலர் சிப் பன்னிரண்டு, ஐந்து டாலர் சிப் ஒன்று கொடுத்தால் சரியாக 20 டாலர். எட்டுப் பேருக்குக் கால் டாலரில் 96, ஒரு டாலரில் 96 போகும். மீதியை ஐந்து டாலராக வைத்துக்கொண்டால் தோற்றவர்கள் மறுபடி வாங்குவதற்கும் மிஞ்சும். நடுவில் உங்கள் பெயரையோ, உங்கள் தெருவின் பெயரையோ, சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் செல்லப் பெயரையோ அச்சிடச் சொல்லுங்கள். செராமிக் சிப்பில் முகம் முழுக்க நீங்கள் கேட்ட படத்தை அச்சிட்டுத் தருவார்கள். களிமண் சிப்தான் வேண்டுமென்றால், பழைய அச்சுகளை வைத்து வீட்டு ஆட்டத்துக்கென்றே செய்து தருகிறவர்கள் மெயின் மாநிலத்தில் இருக்கிறார்கள். விலை கூடுதல், காத்திருக்கவும் வேண்டும். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் பெயரும் எண்ணும் இல்லாத சாதா சிப் போதும். எந்த நிறம் எவ்வளவு என்று ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் எண்ணுங்கள், முடிந்த பிறகும் எண்ணுங்கள்.

கையில் பணம் குறைவென்றால் சிப்புக்கு முன் சீட்டுக்கட்டை மாற்றுங்கள். காகிதச் சீட்டு ஒரே ராத்திரியில் மூலை மடங்கிவிடும்; மடங்கிய ஸ்பேட் ஏஸை எல்லோரும் முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். முழு பிளாஸ்டிக் சீட்டுகளில் கோபாக், கெம் இரண்டும் நன்றாக உழைக்கும்.

மனைவி தந்த செட்டை என்ன செய்வது? அதற்குப் பொருத்தமான வேலை ஒன்று இருக்கிறது. போட்டி ஆட்டம் நடத்துங்கள். எல்லோரும் முன்னாலேயே 20 டாலர் கட்டிவிடுகிறார்கள், பரிசு யாருக்கு எவ்வளவு என்று அப்போதே தாளில் எழுதிவிடுகிறீர்கள். அங்கே சிப்பைக் கொடுத்து யாரும் பணம் கேட்கப் போவதில்லை. அது கடன் சீட்டு இல்லை, வெறும் மதிப்பெண். கையெழுத்து யாருடையது என்ற கேள்வியும் எழாது, 100-ஐ 100 என்றே சொல்லலாம், வகுக்க வேண்டியதில்லை. தலைக்கு 25-இல் எட்டு, 100-இல் எட்டு, 500-இல் நான்கு கொடுத்தால் 3,000. எட்டுப் பேருக்கு 64, 64, 32. உங்கள் பெட்டியில் வகைக்கு நூறு இருக்கிறது, அளவெடுத்த மாதிரி பொருந்தும். ஒரு மாதம் பண ஆட்டம், ஒரு மாதம் போட்டி என்று மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்.

பண ஆட்டத்தன்றும் அந்தச் செட்டிலிருந்து ஒன்றே ஒன்றை உங்கள் முன்னால் வைத்துக்கொள்ளலாம். டீலர் தவறுதலாக நம் சீட்டை வாரிக்கொண்டு போய்விடாமல் இருக்க, கவிழ்த்த சீட்டின் மேல் ஏதாவது ஒரு கனமான பொருளை வைப்பது ஆட்டக்காரர்களின் வழக்கம். சிலர் பழைய நாணயம் வைப்பார்கள், சிலர் மகள் கடற்கரையில் பொறுக்கித் தந்த கூழாங்கல் வைப்பார்கள். நீங்கள் மனைவி தந்ததை வையுங்கள். மைத்துனரின் நண்பர் அடுத்த முறை வந்து, இது என்ன என்று கேட்டால், யார் தந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.